இசிஇ படிக்கும் மகளும் சூழலறிந்து மாறும் மென்பொருளும்: வேலை எங்கே இருக்கிறது?

கேள்வி: மகள் பி.இ. இசிஇ இரண்டாம் ஆண்டு. ஆள், இடம், நேரம் பார்த்துத் தானாக மாறிக்கொள்ளும் சிஸ்டம்களை டிசைன் செய்ய வேண்டும் என்கிறாள். அப்படி ஒரு வேலை எந்த விளம்பரத்திலும் இல்லை. சிஎஸ்இக்கு மாற்றிவிடலாமா? வெளியே ஏஐ கோர்ஸ் ஏதாவது சேர்க்கலாமா?

பதில்: மாற்ற வேண்டாம் அம்மா. இந்த வேலைக்கு இசிஇ பொருத்தமான படிப்புதான்.

துறை புதிதல்ல. அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் மார்க் வைசர் 1991-லேயே கணினிகள் சுற்றுப்புறத்தில் கரைந்துவிடும் என்று எழுதினார். 1994-ல் பில் ஷிலிட், மார்வின் தைமர் இருவரும் 'சூழலறி' (கான்டெக்ஸ்ட்-அவேர்) என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அது ஒரு பதவியின் பெயராக ஆகவில்லை, வேறு பதவிகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆண்ட்ராய்டு டெவலப்பர், கருவிகளுக்குள் ஓடும் மென்பொருளை எழுதும் எம்பெடட் இன்ஜினீயர், கார்களின் திரையையும் எச்சரிக்கை ஒலிகளையும் கவனிக்கும் ஹெச்எம்ஐ இன்ஜினீயர், பயனர் அனுபவத்தை ஆராயும் யுஎக்ஸ் ரிசர்ச்சர் என்று தேடச் சொல்லுங்கள். சென்னை, செங்கல்பட்டு வட்டாரத்தில் கார் ஆராய்ச்சி மையங்கள் இருப்பதால் ஹெச்எம்ஐ பக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

கோர்ஸ் சான்றிதழைவிட, நிஜப் போனில் ஓடும் ஒரே ஒரு ஆப் அவளுக்கு அதிகம் உதவும். உதாரணமாக, பஸ்ஸில் தூங்கிவிட்டாலும் இறங்கும் ஸ்டாப் வருவதற்கு முன் எழுப்பிவிடும் அலாரம். கேட்க எளிது, செய்து பார்த்தால்தான் சங்கடம் தெரியும். ஆண்ட்ராய்டில் வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு, போன் அதற்குள் நுழைந்ததும் தகவல் பெறும் வசதி உண்டு, ஜியோஃபென்ஸ் என்பார்கள். குறைந்தது 100 முதல் 150 மீட்டர் ஆரம் வையுங்கள் என்பது கூகுளின் வழிகாட்டுதல். மாணவர்கள் அப்படியே 150 வைக்கிறார்கள். 40 கி.மீ. வேகத்தில் போகும் பஸ் அந்த 300 மீட்டர் விட்டத்தை 27 விநாடியில் கடந்துவிடும். ஆப் திரையில் திறந்திராமல் பின்னணியில் இருந்தால் தகவல் வர இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். அதற்குள் பஸ் 2 கி.மீ. வரை போயிருக்கும். அலாரம் அடுத்த ஊரில் அடிக்கும். வைஃபை இல்லாத கிராமப்புறச் சாலையில் இடக்கணிப்பும் மோசமாகும்.

ஜிபிஎஸ்ஸை எப்போதும் ஓடவிட்டால் பேட்டரி காலி. ஆகவே பெரிய வட்டம் ஒன்று, 4 அல்லது 5 கி.மீ. ஆரத்தில், அதற்குள் நுழைந்த பிறகுதான் துல்லியமான ஜிபிஎஸ். இன்னும் நல்ல வழி, பஸ் ஏறியதும் 'பயணம் தொடக்கம்' என்று பயணியையே ஒரு பொத்தான் அழுத்தச் சொல்வது. பின்னணி இட அனுமதி கேட்கும் தொல்லையே போய்விடும். ஆண்ட்ராய்டு 11 முதல் அந்த 'எப்போதும்' அனுமதியைச் சாதாரணப் பெட்டியில் தர முடியாது, செட்டிங்ஸுக்குள் போய்த்தான் தர வேண்டும். பலர் அங்கே ஆப்பையே கைவிடுகிறார்கள். எதைத் தானே ஊகிப்பது, எதைக் கேட்டுவிடுவது என்று முடிவெடுப்பதுதான் இந்தத் துறையின் பாதி வேலை. எல்லாவற்றையும் ஊகிக்க ஆசைப்படும் மாணவரைவிட, ஒரு பொத்தான் போதும் என்று காரணத்தோடு சொல்பவரையே வேலைக்கு எடுக்கத் தோன்றும்.

அடுத்த புராஜெக்ட், போனை வைத்திருப்பவர் நடக்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா என்று போனே அறிவது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் யுசிஐ தரவுக் களஞ்சியத்தில் இதற்கான தரவு இலவசமாகக் கிடைக்கிறது: 30 பேர், 6 செயல்கள், இடுப்பில் கட்டிய போன், விநாடிக்கு 50 அளவீடுகள், 2.56 விநாடித் துண்டுகள். புவியீர்ப்பை உடலசைவிலிருந்து பிரிக்க 0.3 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டிருப்பார்கள். ஏன் 50, ஏன் 0.3 என்பது சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் ஒழுங்காகப் படித்தவளுக்குத் தானே விளங்கும். இசிஇ பொருத்தம் என்றது இதற்காகத்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்தத் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறியிருக்கும். குலுக்கிப்போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால், ஒரே ஆளின் ஒரே அசைவு இரண்டு பக்கமும் போய்விடும். துல்லியம் பிரமாதமாக வரும், புது ஆளிடம் சறுக்கும். தரவை வெளியிட்டவர்களே 21 பேரைப் பயிற்சிக்கும் 9 பேரைச் சோதனைக்குமாக, ஆள்வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். 'எப்படிப் பிரித்தாய்?' என்பது நேர்முகத்தில் வரக்கூடிய கேள்வி. புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

இடுப்பில் கட்டிய போனின் தரவில் கற்ற மாடல் (அசைவை ஊகிக்கும் நிரல்), சுடிதாரில் பாக்கெட் இல்லாததால் ஹேண்ட்பேக்கில் கிடக்கும் போனில் தடுமாறும். அவள் தன் தோழிகள் ஐந்தாறு பேரிடம் அனுமதி பெற்று, பேக்கில் வைத்த போனில் சொந்தத் தரவு எடுக்கட்டும். மாடலின் பதில் நொடிக்கு நொடி மாறுவதைத் தடுக்க, மூன்று துண்டுகள் தொடர்ந்து ஒரே பதிலைத் தந்தால் மட்டும் நிலையை மாற்றச் சொல்லுங்கள். ஏறக்குறைய 5 விநாடி தாமதமாகும். போனைச் சைலண்ட் ஆக்க அது பரவாயில்லை. வயதானவர் விழுந்ததைச் சொல்லும் கருவிக்கு வேறு கணக்கு: அங்கே நிஜ விழுகையைத் தவறவிடுவதும் பொய் எச்சரிக்கையும் சமமான தவறுகள் அல்ல. இந்த வேறுபாட்டை அவள் அறிக்கையில் எழுத வேண்டும். ஊகம் தப்பும்போது பயனர் அதை ஒரே தட்டலில் மாற்ற முடிகிறதா என்பதையும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆப் செய்ய நினைத்தால் கவனம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும் பொதுவாகத் தடைசெய்கிறது.

மேல்படிப்பு இரண்டு பக்கம் பிரியும். டிசைன் பக்கம் மனம் போனால் ஐஐடி பாம்பே நடத்தும் சீட் (CEED) என்ற டிசைன் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெஸ் என்ற டிசைன் முதுகலை; அங்கேயே ஐடிசி என்ற டிசைன் பள்ளி இருக்கிறது, குவாஹாட்டி ஐஐடியிலும் டிசைன் துறை உண்டு. தேர்வு வழக்கமாக ஜனவரியில் நடக்கும், வரைந்து காட்டும் பகுதி இருப்பதால் கடைசி மாதத்தில் தயாராக முடியாது. சென்சார், மாடல் பக்கம் என்றால் கேட் (GATE) தேர்வு எழுதி எம்.டெக். இப்போதே முடிவெடுக்க அவசரமில்லை. மேலே சொன்ன பஸ் அலாரம், அசைவு அறிதல் இரண்டில் எதைச் செய்யும்போது அவள் நேரம் போவதை மறந்தாள் என்று ஐந்தாம் செமஸ்டர் முடிவில் கேளுங்கள்.

ஏஐ கோர்ஸுக்கு எடுத்துவைத்த பணத்தில் லேப்டாப்பின் ரேமை 16 ஜிபி ஆக்குங்கள்; 8 ஜிபியில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ திணறும். மிச்சத்தில் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று, வேறு கம்பெனியுடையதாகப் பார்த்து. சில கம்பெனிப் போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்த ஆப்பைப் பின்னணியிலேயே நிறுத்திவிடும். சொந்தப் போனில் மட்டும் சோதித்தால் அது கண்ணில் படாது.