அட்ரினல் சுரப்பியில் கட்டி என்று சிடி ரிப்போர்ட்டில் வந்திருக்கிறது, புற்றுநோயா?

சிறுநீரகக் கல் வலிக்காக அம்மாவுக்கு சிடி எடுத்ததில், கல்லோடு சேர்த்து இடது அட்ரினலில் (சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ஹார்மோன் சுரப்பி) 2 செ.மீ. கட்டி இருப்பதாகவும் வந்துவிட்டது, பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வேறெங்கும் புற்றுநோய் இல்லாதவர்களுக்கு இந்த அளவில் தற்செயலாகத் தெரிவது பெரும்பாலும் அடினோமா எனும் சாதுவான கட்டிதான். அதை உறுதி செய்ய இன்னொரு ஸ்கேன்கூடத் தேவைப்படாமல் போகலாம்.

கல்லுக்கான சிடியைப் பொதுவாக கான்ட்ராஸ்ட் ஊசி (படத்தில் உறுப்புகள் எடுப்பாகத் தெரியப் போடும் மருந்து) போடாமல்தான் எடுப்பார்கள். அட்ரினலுக்கும் முதலில் வேண்டியது அதுதான். கம்ப்யூட்டரில் கட்டியின் மேல் ஒரு வட்டம் வரைந்தால் அதன் அடர்த்தி ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் வந்துவிடும். தண்ணீருக்கு 0, கொழுப்புக்கு மைனஸ் 100 பக்கம். அடினோமா செல்களுக்குள் கொழுப்பு நிறைய இருப்பதால் எண் தாழ்ந்து நிற்கும். கட்டி ஒரே சீராக இருந்து, எண் 10-ஐத் தாண்டவில்லை என்றால் புற்றுநோய் பயமே வேண்டாம், அதற்காகத் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுக்கவும் வேண்டாம் என்றுதான் 2023-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலும் சொல்கிறது. ஸ்கேன் ரிப்போர்ட் எழுதுவதே என் வேலை என்பதால் அழுத்திச் சொல்கிறேன், அந்த எண் உங்கள் ரிப்போர்ட்டில் இல்லையென்றால் ஸ்கேன் சென்டரில் கேட்டு வாங்குங்கள். படம் அவர்களிடம் இருந்தால் அளக்க ரொம்ப நேரம் ஆகாது.

10-க்கு மேல் போனாலும் உடனே கலங்காதீர்கள், கொழுப்பு குறைவான அடினோமாவும் உண்டு. கான்ட்ராஸ்ட் கொடுத்து, 15 நிமிடம் கழித்து கட்டியிலிருந்து மருந்து எவ்வளவு வடிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள், அடினோமாவில் பொதுவாகச் சீக்கிரம் வடிந்துவிடும். இங்கேதான் கவனம் வேண்டும், ஏனென்றால் ஃபியோகுரோமோசைட்டோமாவும் சில சமயம் அடினோமா மாதிரியே வடிந்து ஏமாற்றிவிடும். அது அட்ரினலின் போன்ற ஹார்மோன்களை ரத்தத்தில் கொட்டுகிற கட்டி, திடீரென்று பி.பி. ஏறும், தலைவலி, வியர்வை, படபடப்பு வரும், எதுவுமே இல்லாமலும் இருக்கும். அதனால் எண் 10-க்கு மேல் என்றால் ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் (அந்த ஹார்மோன்கள் சிதைந்து வரும் பொருள்) பார்த்தே ஆக வேண்டும். அந்த முடிவு வராமல் யாராவது ஊசி குத்தி பயாப்சி எடுக்கலாம் என்றால் சம்மதிக்காதீர்கள், பி.பி. எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்புறம், கட்டி ஹார்மோன் சுரக்கிறதா என்பதை எந்த சிடியும் சொல்லாது. எண் எவ்வளவாக இருந்தாலும் சரி, இரவில் 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுத்து மறுநாள் காலையில் ரத்தத்தில் கார்டிசால் என்கிற அட்ரினல் ஹார்மோனைப் பார்க்கச் சொல்வார்கள். பி.பி. இருந்தாலோ பொட்டாசியம் குறைந்திருந்தாலோ பி.பி.யோடு தொடர்புள்ள ஆல்டோஸ்டிரோன், ரெனின் பரிசோதனைகள் இரண்டும் சேரும். அம்மாவுக்கு பி.பி. உண்டா என்று நீங்கள் எழுதவில்லை, எண்டோகிரைனாலஜிஸ்ட்டை (ஹார்மோன் நோய் மருத்துவர்) பார்க்கும்போது முதலில் அதைச் சொல்லுங்கள், ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்கையும் மறக்காமல் கையில் எடுத்துப் போங்கள்.