லைவ் ராக்கோடு வந்த நண்டு: வைத்துக்கொள்ளலாமா, எடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் லைவ் ராக்கோடு, அதாவது உயிர்கள் ஒட்டி வாழும் கடல் கல்லோடு, ஒரு நண்டு வந்துவிட்டது. ராத்திரியில்தான் தலைகாட்டுகிறது. ஆபத்தா? எப்படிப் பிடிப்பது?

கொளத்தூர் பக்கம் மீன் வாங்கப் போகும்போது கேட்டுப் பாருங்கள். ஒருவர் "இருக்கட்டும் சார், சுத்தம் பண்ணும்" என்பார், அடுத்தவர் "உடனே தூக்கிடுங்க" என்பார். எந்த நண்டு என்று தெரியாமல் சொன்னால் இரண்டுமே குருட்டாம்போக்குதான்.

விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டு பாருங்கள். சிவப்பு வெளிச்சம் நண்டுக்குச் சரியாகத் தெரியாது, அதனால் ஓடாது. உடம்பை விட்டுவிட்டுக் கொடுக்கை முதலில் கவனியுங்கள். நுனி கரண்டி மாதிரி குழிந்திருந்தால் பெரும்பாலும் பாசி சுரண்டுகிற வகை. நுனி கூராக, கறுப்பாக இருந்து, காலெல்லாம் ரோமம் மண்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஹேரி கிராப், கொரில்லா கிராப் என்று தொட்டிக்காரர்கள் சொல்வது இவற்றைத்தான். பொந்துக்குள் உட்கார்ந்தபடியே ஒரு கொடுக்கை மட்டும் நீட்டி, பக்கத்திலிருக்கும் சோவாந்தஸை (பொத்தான் மாதிரி கூட்டமாக வளரும் மெல்லிய பவள வகை) கிள்ளி வாயில் போட்டுக்கொள்ளும். காலையில் பார்த்தால் பவளம் ஏன் சுருங்கிக் கிடக்கிறது என்றே புரியாது. கடைசி ஜோடிக் கால் துடுப்பாகத் தட்டையாக இருந்தால் அது நீந்தும் நண்டு. மீனையே பிடிக்கும், யோசிக்காமல் எடுங்கள்.

எடுக்கவே கூடாததும் உண்டு. போசிலோபோரா, அக்ரோபோரா என்ற கிளைப் பவளங்களின் கிளைகளுக்கு நடுவே, வழுவழுவென்று ரோமமில்லாமல் இருக்கும் குட்டி நண்டுகள் டிரபீசியா, டெட்ராலியா வகை. கடலில் முட்கிரீட நட்சத்திர மீன் பவளத்தைத் தின்ன வந்தால் அதன் காலைக் கடித்தே விரட்டுபவை இவை. தட்டையான உடம்பு, நீண்ட மீசை, வாயருகே விசிறியை வீசி வீசித் தண்ணீரில் மிதப்பதைப் பிடித்துத் தின்றால் போர்சலின் நண்டு. அதுவும் பரம சாது.

சரி, பிடிப்பது. உள்பக்கம் வழுவழுப்பான சின்னக் கண்ணாடி டம்ளரை மணலில் வைத்து, வாய்ப்பகுதி கல்லைத் தொடும்படி சாய்த்து வையுங்கள். அடியில் ஒரு துண்டு பச்சை இறால். காசிமேட்டு இறாலா தெருமுனை இறாலா என்றெல்லாம் நண்டு பார்க்காது. உள்ளே இறங்கினால் வழுக்கி ஏற முடியாது. சில ராத்திரி நத்தையும் துறவி நண்டும்தான் விழுந்திருக்கும், அலுத்துக்கொள்ளாதீர்கள். மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் காலையில் இறாலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கெடும்.

கல்லை வெளியே எடுக்க முடிந்தால் வேலை இன்னும் சுலபம். தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளிக்கு மேலே கல்லைப் பிடித்துக்கொண்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் பொந்துக்குள் சோடாவைப் பீய்ச்சுங்கள். கரியமில வாயு தாங்காமல் நண்டு வெளியே பாயும். வெறும் சோடாதான், பன்னீர் சோடா வேண்டாம்! சோடா பவளத்தின் மேல் படாமல் பார்த்துக்கொண்டு, கல்லை அதே வாளியில் அலசிவிட்டுத் தொட்டியில் வையுங்கள். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். உள்ளேயே செத்தால் அழுகும்.

ஒருநாள் அசையாத நண்டு கிடந்தால் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். தூக்கிப் பாருங்கள். காற்றாக லேசாக, பின்பக்கம் பிளந்திருந்தால் அது உரித்த ஓடு. ஆள் கல் பொந்துக்குள்தான் இருக்கிறார், முன்னைவிடப் பெரிதாக.

பிடித்ததை பெசன்ட் நகர் கடலில் விடாதீர்கள். எந்த ஊர் நண்டு, என்ன நோயோடு வந்தது என்று யாருக்குத் தெரியும்? சம்பில் (தொட்டித் தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டி) தனியாக வைத்தால் மீந்த தீனியைத் தின்றுகொண்டு கிடக்கும்.

அப்புறம், மன்னார் வளைகுடாக் கல் என்று யாராவது ரகசியமாக விற்றால் வாங்காதீர்கள். 2001 முதல் கல் பவளங்கள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மாட்டினால் நண்டு ஒரு பிரச்சினையே இல்லை.