ஓலை கொண்டுபோகிறவன்

அன்புள்ள ஐயா,

இரண்டு வருடமாக ஒரு திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வரலாற்றுச் சாகசக் கதை. வரலாற்றில் பெயர் இருக்கும் ஓர் இளவரசன்தான் நாயகன். கோட்டை எதிரி கைக்குப் போகிறது. அவன் தப்பிக்கிறான், படை திரட்டுகிறான், திரும்பி வந்து கோட்டையைப் பிடித்து முடிசூடுகிறான். நாயகி, துரோகி, குரு, சிரிப்புக்கு ஒரு தோழன் என்று எல்லாப் பாத்திரங்களும் இருக்கிறார்கள். நிறையப் படித்துத்தான் எழுதினேன். முற்றுகையின் கடைசி இரவில் கோட்டைக் கதவு உள்ளேயிருந்து திறக்கப்பட்டது என்று படித்தேன். யார் திறந்தது என்று எங்கேயும் இல்லை. அதனால் குருவே திறப்பதாக வைத்துக்கொண்டேன்.

படித்துப் பார்த்த நண்பர், "இடைவேளைக்கு அப்புறம் ஊர்வலம் மாதிரி போகிறது, அடுத்து என்ன என்று கேட்கத் தோன்றவில்லை" என்றார். "அந்தக் குதிரைக்காரன் வரும் நாலு காட்சி மட்டும் உயிரோடு இருக்கிறது" என்றும் சொன்னார். இளவரசன் தப்பிக்கும்போது கோட்டைக்கு வெளியே குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறவன் அவன். அவ்வளவுதான் அவன் வேலை.

முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதையில் விறுவிறுப்பை எங்கிருந்து கொண்டுவருவது? பாத்திரங்களை எதை வைத்து அமைப்பது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நண்பர் சொன்ன இரண்டும் ஒரே விஷயம்தான். உங்கள் இளவரசன் ஆற்றில் விழுந்தால் கரையேறுவான், அம்பு பட்டால் பிழைப்பான். முடிசூட வேண்டியவன் ஆயிற்றே. படம் பார்க்க வருகிறவருக்கு அது முதல் காட்சியிலேயே தெரியும். குதிரைக்காரனைப் பற்றி ஒரு கல்வெட்டும் பேசவில்லை. அவன் இருட்டில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தூரத்தில் ஒரு பந்தம் தெரிந்தால் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. அவன் அந்தக் காட்சியோடு செத்துப்போகலாம்.

வால்டர் ஸ்காட் 1814இல் 'வேவர்லி' எழுதியபோதே இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டார். அரசுரிமை கேட்டுப் படையோடு வந்த இளவரசரை ஓரத்தில் நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் ஊசலாடும் ஒரு சாதாரண இளைஞனை நடுவில் வைத்தார். வரலாற்று நாவலைப் பற்றி எழுதிய ஜார்ஜ் லூகாச், ஸ்காட்டின் பெரிய பலமே இந்த நடுத்தர நாயகன்தான் என்கிறார். மோதிக்கொள்ளும் இரண்டு தரப்பிலும் அவனால் போய்ப் பழக முடிகிறது. அரசன் எதிரியின் முகாமுக்குப் போனால் அது ஒரு பெரிய நிகழ்ச்சி. சாதாரண ஆள் போனால் அது ஒரு காட்சி. சினிமாவுக்கு அப்படிப்பட்ட காட்சிகள்தான் நிறைய வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே இருப்பது 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதை. தலைப்பு, பின்னாளில் ராஜராஜனான அருள்மொழிவர்மனுடையது. ஆனால் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வருவது வந்தியத்தேவன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையைக் குறிப்பிடும்போது, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று வருகிறது. அந்த ஒரு குறிப்புக்குள் கல்கி ஓர் ஆளையே உண்டாக்கிவிட்டார். அப்படியானால் அவன் பிழைப்பான் என்பதும் தெரிந்ததுதானே என்று நீங்கள் கேட்கலாம். தெரியும்தான். ஆனால் எந்த வழியாகப் போனான், எங்கெல்லாம் மாட்டிக்கொண்டான், யாரை இழந்தான் என்பதெல்லாம் எழுதுகிறவர் கையில் இருக்கிறது. நாவலின் கடைசியில், அவனை நேசித்த மணிமேகலை அவன் மடியில் உயிர் விடுகிறாள். அப்படி ஒரு முடிவைக் கல்கி வைக்கப்போகிறார் என்பதை எந்தக் கல்வெட்டைப் படித்தும் யாராலும் ஊகித்திருக்க முடியாது.

வந்தியத்தேவன் கையில் ஓர் ஓலை இருக்கிறது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் அனுப்பிய ஆள் என்பதால் அவனால் எந்த வாசலுக்கும் போய் நிற்க முடிகிறது. அதே காரணத்தால் எல்லோருக்கும் அவன்மேல் சந்தேகம். கடம்பூர் மாளிகையில் ஓர் இரவு தங்குகிறான். நள்ளிரவில் மதில்மேல் ஒரு தலை தெரிகிறது. ஆழ்வார்க்கடியானின் தலை! அவன் எதைப் பார்க்கிறான் என்று போய்ப் பார்த்தால் அங்கே சிற்றரசர்கள் கூடிச் சதி பேசுகிறார்கள். பழுவூர் இளைய ராணி நந்தினி வந்ததாக எல்லோரும் நினைத்த மூடுபல்லக்கிலிருந்து, கரிகாலனுக்குப் பதிலாக அவர்கள் அரியணையேற்ற நினைக்கும் மதுராந்தகர் இறங்குகிறார். சோழ அரசுரிமைச் சிக்கல் முழுவதும் அந்தப் பல்லக்குத் திரை விலகும் ஒரு நொடிக்குள் வந்துவிடுகிறது. ஒரு மந்திரி உட்கார்ந்து விளக்கியிருந்தால் பத்து நிமிடம் ஆகியிருக்கும், யாருக்கும் மனதில் நின்றிருக்காது. தூங்க வந்த ஒரு தூதன் தற்செயலாகப் பார்த்துவிட்டதால் நாமும் அவனோடு சேர்ந்து மாட்டிக்கொள்கிறோம்.

ஓலையைக் கொடுத்துவிட்டால் தூதன் வேலை முடிந்துவிடும். அந்த ஆபத்தையும் கல்கி பார்த்து வைத்திருக்கிறார். கரிகாலனின் தங்கை குந்தவையிடம் ஓலை போய்ச் சேர்ந்ததும் அவள் இலங்கைக்கு இன்னொரு ஓலை கொடுத்து அனுப்புகிறாள். ஒரு வேலை முடிகிற இடத்தில் அதைவிடக் கடினமான வேலை ஒன்று தொடங்குகிறது. 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாக வந்த படத்தில் எனக்கு முதல் பாகம்தான் அதிகம் பிடித்தது. அதில் வந்தியத்தேவன் போய்க்கொண்டே இருக்கிறான். இரண்டாம் பாகத்தில் கதையின் பாரம் கரிகாலன், நந்தினி பக்கம் சாய்கிறது. நடிப்பிலும் காட்சியிலும் அது மிக அழகாக வந்திருந்தது. ஆனாலும் தூதன் கை வெறுமையாக இருக்கிறதே என்ற குறை எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

கையில் இருக்கும் பொருள் எவ்வளவு வேலை செய்யும் என்பதைப் பார்க்க, அகிரா குரோசாவாவின் 'த ஹிடன் ஃபோர்ட்ரஸ்' (1958) படத்தை ஒருமுறை பாருங்கள். ஜப்பானின் உள்நாட்டுப் போர்க் காலம். தோற்ற குலத்தின் இளவரசியையும் பொன்னையும் ஒரு தளபதி எதிரி நாட்டு வழியாகவே பத்திரமான நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். படம் தொடங்குவது தளபதியோடு அல்ல, இளவரசியோடும் அல்ல. போரில் சேர்ந்து சம்பாதிக்கலாம் என்று போய், பிணம் புதைக்கும் வேலையில் மாட்டிக்கொண்ட இரண்டு குடியானவர்கள் வெட்டவெளியில் சண்டை போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். பேராசைக்காரர்கள், பயந்தவர்கள். அந்தப் பெரிய வரலாற்றை நாம் பார்ப்பது அவர்கள் உயரத்திலிருந்துதான். எல்லைக்காவலைத் தவிர்க்க எதிரி நாட்டுக்குள்ளேயே சுற்றிப் போகலாம் என்ற யோசனையும் அவர்களுடையதுதான். தளபதியே அதைக் கேட்டு வியந்துபோகிறார்.

பொன்னை விறகுக் கட்டைகளுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். வழியில் ஒரு தீத்திருவிழா. ஊரே விறகைக் கொண்டுவந்து நெருப்பில் போட்டு ஆடிப் பாடுகிறது. இவர்களிடம் ஒரு வண்டி விறகு இருக்கிறது. போடாமல் நின்றால் சந்தேகம் வரும். போட்டால் குலத்தின் கடைசிச் செல்வம் நெருப்புக்குள் போய்விடும். தளபதி வண்டியோடு நெருப்பில் தள்ளிவிட்டு எல்லோரையும் ஆடச் சொல்கிறார். குடியானவர்கள் இருவரும் பொன்னைப் பார்த்தபடியே பதறிக்கொண்டு ஆடுகிறார்கள். இளவரசி மட்டும் வாழ்க்கையில் முதல்முறையாக மனம் விட்டு ஆடுகிறாள். மறுநாள் காலை சாம்பலைக் கிளறி முடிந்த அளவு பொன்னைப் பொறுக்குகிறார்கள். அந்த ஒரு காட்சியில் ஒரு வாள்கூட உருவப்படவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

அந்தப் பாடலும் ஆட்டமும் நம் படங்களில் வருவதுபோலத் தனியாக வெட்டி எடுக்கக்கூடியவை அல்ல. வெட்டினால் பொன் என்ன ஆயிற்று என்று தெரியாமல் போகும். உங்கள் திரைக்கதையில் பாட்டு வைக்கும்போதும் இப்படி ஓர் இடத்தில் வையுங்கள்.

பாத்திரங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாயகி, துரோகி, குரு, தோழன் என்று நாற்காலி போட்டு ஆள் உட்காரவைக்கும் முறை எனக்குப் பிடிக்காது. பயணத்தில் எந்த இடத்தில் இந்த ஆள் இல்லாமல் நகர முடியாது என்று பாருங்கள். கோடிக்கரையிலிருந்து இலங்கைக்குக் கடல் கடக்க வேண்டும், அதற்குப் பூங்குழலியின் படகு வேண்டும். அந்தக் கடலும் அதன் சதுப்பு நிலமும் அவளுக்குத் தெரிந்த அளவுக்குக் கதையில் யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் இளவரசர்களைவிட அவள் பெரியவள். அவளுடைய துணிவு, தனிமை, பாட்டு எல்லாம் அந்தக் கடலிலிருந்தே வருகின்றன. ஆழ்வார்க்கடியானின் வேலை வேறு. நாயகனுக்குத் தெரியாதது அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் யார் பக்கம் என்று நமக்கு நெடுநேரம் தெரியாது. சிரிப்பு மூட்டுகிறவனாகவும் ஒற்றனாகவும் ஒரே ஆள் இருப்பதால் அவன் திரையில் வரும்போதெல்லாம் கவனிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் தோழன் பாத்திரம் சிரிக்க மட்டும் வைக்கிறது என்றால், அவனுக்கு ஒரு ரகசியம் கொடுத்துப் பாருங்கள்.

எதிராளிக்கு அவன் பக்கத்து நியாயம் முழுதாக இருக்க வேண்டும். நந்தினியை வெறும் சூழ்ச்சிக்காரியாக நினைத்து யாரும் கதையை மூடிவைப்பதில்லை. அவள் கெஞ்சியும் கேளாமல் கரிகாலன் வீரபாண்டியனை அவள் கண்முன்னே வெட்டிக் கொன்றான்; அது நமக்கு நடந்திருந்தால் நாமும் மன்னித்திருக்க மாட்டோம் என்று தோன்றுகிறது. குரோசாவா படத்தில் எதிரித் தளபதி ஒருவர் ஈட்டிச் சண்டையில் நம் தளபதியிடம் தோற்கிறார். தோற்றும் எதிராளியைப் போகவிட்டதற்காக அவருடைய சொந்தத் தலைவரே அவர் முகத்தைக் கோரமாக்கிவிடுகிறார். அடுத்த முறை வரும்போது அந்தத் தழும்போடு வருகிறார். கடைசியில் அவர் பக்கம் மாறும்போது அது வசதிக்காக வைத்த திருப்பமாகத் தெரியாமல் இருப்பதற்கு அந்த முகம்தான் காரணம். உங்கள் துரோகி பணத்துக்காகக் காட்டிக்கொடுக்கிறான் என்று எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவனுக்கு இளவரசன் என்ன செய்தான்? அதை ஒரு காட்சியாக எழுதினால் இளவரசனும் கூடச் சேர்ந்து உருவாகிவிடுவான்.

சரி, உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வரிக்கு வருகிறேன். கதவு உள்ளேயிருந்து திறக்கப்பட்டது, யார் திறந்தது என்று எங்கேயும் இல்லை. உங்கள் படமே அந்த வரிக்குள்தான் இருக்கிறது.

ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது வரலாறு. உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர்களே இருக்கின்றன. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. ஆனால் கல்வெட்டின் அக்கறை அந்தத் துரோகிகளின், அவர்கள் உறவினர்களின் நிலம் என்ன ஆனது என்பதில்தான். ஏன் கொன்றார்கள், அந்த இரவு என்ன நடந்தது என்று அதில் இல்லை. கல்கி சரியாக அந்த இருட்டுக்குள் வந்தியத்தேவனைக் கொண்டுபோய் நிறுத்தினார். கொலைப்பழி அவன்மேல் விழுகிறது. அதுவரை அவன் வரலாற்றை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தவன், அந்த நொடியில் வரலாறு அவனைப் பிடித்துக்கொள்கிறது. பிரான்சில் அலெக்சாந்தர் டூமாவும் 1844இல் இதைத்தான் செய்தார். பக்கிங்ஹாம் பிரபுவை 1628இல் ஜான் ஃபெல்டன் என்ற படைவீரன் குத்திக் கொன்றது நடந்த சம்பவம். 'மூன்று மஸ்கட்டியர்கள்' நாவலில் அந்தக் கத்திக்குப் பின்னால் டூமா தன் கற்பனைப் பாத்திரமான மிலேடியை வைத்தார். கொலை அப்படியே இருக்கிறது, தேதியும் மாறவில்லை. காரணம் மட்டும் புதிது. வரலாறு சொல்லாமல் விட்ட இடத்துக்குள் சாகசம் நுழைந்துகொள்கிறது. நடந்ததை மாற்றி எழுத வேண்டிய அவசியமே வரவில்லை.

உங்கள் கதையில் அந்த இடத்தைக் குருவிடம் கொடுத்துவிட்டீர்கள். குரு திறந்தால் அது கடமை, அதில் ஆச்சரியம் இல்லை. குதிரைக்காரன் திறக்கட்டும். அவனிடம் இருக்கும் பொருளும் அருமையான பொருள். விறகுக்குள் பொன்னை ஒளிக்கலாம், இடுப்பில் ஓலையைச் செருகலாம், குதிரையை எங்கே ஒளிப்பது? அது கனைக்கும், அதற்குப் பசிக்கும், இளவரசனின் குதிரை என்பதால் ஊரில் பாதிப் பேருக்கு அதை அடையாளம் தெரியும். தப்பிக்கும் இரவில் இளவரசன் வேறு வழியாகப் போய்விட்டான், குதிரையோடு இவன் எதிரிகளிடம் சிக்கிக்கொண்டான் என்று வைத்துப் பாருங்கள். குதிரை நன்றாக இருப்பதால் எதிரித் தளபதி அதைத் தனக்கு எடுத்துக்கொள்கிறான். அது இவனைத் தவிர வேறு யார் கையிலும் தீனி எடுக்கவில்லை. அதனால் இவனும் கோட்டைக்குள் போகிறான். இளவரசன் வெளியே படை திரட்டட்டும், அது வரலாறு, நாலைந்து காட்சி போதும். நாம் இவனோடு கோட்டைக்குள் இருப்போம். எதிரிகளும் வீட்டை நினைத்து அழுகிறவர்கள்தான் என்று இவன் அங்கே பார்க்கட்டும். தளபதி இவனிடம் அன்பாகவே இருக்கட்டும். கடைசி இரவு கதவுத் தாழ்ப்பாளில் கை வைக்கும்போது இவனுக்குக் கை நடுங்க வேண்டும்.

அந்த இரவை முதலில் எழுதுங்கள். மற்ற காட்சிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, லாயத்திலிருந்து கதவு வரைக்கும் அவன் நடக்கும் தூரத்தை மட்டும் எழுதி எனக்கு அனுப்புங்கள். குதிரையை அவன் கூட்டிக்கொண்டு போகிறானா, விட்டுவிட்டுப் போகிறானா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.

அன்புடன்