கடலுக்குப் போகாத அதிகாரி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரசு ஊழியர்களைப் பற்றிய உங்கள் சென்ற வாரக் கட்டுரையில், போகிற போக்கில் சம்னர் கிம்பல் என்ற அமெரிக்கரைக் குறிப்பிட்டு, "ஒரு குமாஸ்தா மனசு வைத்தால் கடலையே திருத்தலாம்" என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் படித்தேன். 1878 முதல் 1915 வரை, கரையோரம் தரைதட்டிய கப்பல்களிலிருந்து ஆட்களை மீட்ட அமெரிக்க உயிர்காப்புச் சேவையின் தலைவர். சரி. ஆனால் அவர் உட்கார்ந்திருந்தது வாஷிங்டனில். புயலில் துடுப்பு வலித்தவர்கள் வேறு ஆட்கள். நான் 31 வருடம் தாலுகா ஆபீஸில் ஃபைல் தூக்கியவன். கீழே இருப்பவன் ஓடி ஓடிச் செய்த வேலைக்கு மேலே இருப்பவர் கையெழுத்துப் போட்டுப் பேர் வாங்குவதைத் தினமும் பார்த்தவன். இவரும் அந்த ரகம்தானே? அவர் பெயரை அங்கே இன்று யாராவது நினைவில் வைத்திருக்கிறார்களா?

கே.

அன்புள்ள கே. அவர்களுக்கு,

"கடலையே திருத்தலாம்" என்றது அதிகப்படிதான், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கையெழுத்து விஷயத்தில் மட்டும் உங்களோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

கிம்பலுக்கு முன்னாலும் அங்கே மீட்பு நிலையங்கள் இருந்தன. 1848ல் நியூ ஜெர்சியின் வில்லியம் நியூவெல் காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றம்) பேசிப் பத்தாயிரம் டாலர் வாங்கினார். கரையோரம் கொட்டகைகள் எழுந்தன. உள்ளே படகும் கயிறும். கப்பல் தரைதட்டினால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் ஓடிவந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். 1871ல் கருவூலத் துறையில் இந்தப் பிரிவு கிம்பல் கைக்கு வந்தது. கேப்டன் ஜான் ஃபான்ஸை நிலையம் நிலையமாகப் போய்ப் பார்த்துவரச் சொன்னார். ஃபான்ஸின் அறிக்கை உங்களுக்கு ரொம்பப் பழகின வாசனை அடிக்கும்: துருப்பிடித்த கருவிகள், தூக்கிக்கொண்டு போகக்கூடியதெல்லாம் போய்விட்ட கொட்டகைகள், எங்கோ குடியிருக்கும் பொறுப்பாளர்கள், வேலைக்கு ஆகாத வயதானவர்கள், கட்சி சிபாரிசில் வந்தவர்கள்.

கிம்பல் மெய்ன் மாநிலத்துக்காரர், 1834ல் பிறந்தவர், படிப்பில் வக்கீல். காங்கிரஸிடம் இரண்டு லட்சம் டாலர் வாங்கினார். தகுதியில்லாதவர்களை வீட்டுக்கு அனுப்பினார். நிலையத்துக்கு ஆறு பேர், சம்பளத்துக்கு. அப்புறம் கிழமைவாரியாக ஒத்திகை: ஒரு நாள் படகு, ஒரு நாள் கொடிச் சைகை, ஒரு நாள் கயிறு, ஒரு நாள் மூழ்கியவரை மூச்சுக்குக் கொண்டுவருவது. கயிறு ஒத்திகை என்றால் சின்ன வெண்கலப் பீரங்கியால் தூரத்துக் கம்பத்தைத் தாண்டிக் கயிற்றைச் சுட்டு, அதில் மிதவை வளையத்தோடு தைத்த அரைக்கால் சட்டையைத் தொங்கவிட்டு, ஒரு ஆளை உட்காரவைத்து இழுத்துக்கொண்டு வரவேண்டும். ஐந்து நிமிடக் கணக்கு.

எனக்குப் பிடித்தது பித்தளை வில்லை. சூரியன் மறைந்ததிலிருந்து விடியும்வரை கரையில் ரோந்து. இந்த நிலையத்து ஆள் வடக்கே நடப்பார், அடுத்த நிலையத்து ஆள் தெற்கே. நடுவழியில் சந்தித்து ஆளுக்கொரு எண் பொறித்த வில்லையை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். விடிகாலையில் பொறுப்பாளர் முன்னால் எதிர்நிலையத்து வில்லையை வைத்தால்தான் நடந்ததாகக் கணக்கு. பக்கத்தில் நிலையம் இல்லாத இடத்தில், கரையின் கடைசியில் ஒரு கம்பத்தில் சாவி. அதை இடுப்புக் கடிகாரத்தில் போட்டுத் திருகினால் நேரம் பதிவாகும். பனிக்காற்றில் மணல் முகத்தில் அறைய நடக்கிறவனை நம்பவில்லையா என்று கேட்கலாம். நம்பவில்லைதான். கப்பலில் இருப்பவனுக்கு நம்பிக்கை போதாதே. ரோந்துக்காரர் கொளுத்திக் காட்டும் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து, கரை நெருங்கிவிட்டது என்று திரும்பிப்போன கப்பல்கள் எத்தனையோ.

விதிப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. அலை பெரிதாக இருந்ததால் படகை எடுக்கவில்லை என்று பொறுப்பாளர் சொன்னால் ஏற்கப்படாது. தள்ளிப் பார்த்து முடியாமல் போயிருக்க வேண்டும், அல்லது செங்குத்துப் பாறை மாதிரி படகே இறக்க முடியாத கரையாக இருக்க வேண்டும். எழுதியவர்கள் மேஜைக்குப் பின்னால் இருந்தவர்கள் என்பது உண்மை. ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் ஒவ்வொரு புயல் ராத்திரியும் கரையில் நின்று ஒரு வாக்குவாதம் நடந்திருக்கும்.

காகிதம் ஆளைக் கொன்றதும் உண்டு. 1877 நவம்பர் 24 அன்று 'ஹூரான்' என்ற கடற்படைக் கப்பல் வட கரோலினாவின் நாக்ஸ் ஹெட் அருகே தரைதட்டியது. நிலையம் பூட்டிக் கிடந்தது. பணிக்காலம் டிசம்பர் 1ல்தான் தொடங்கும் என்று தாளில் இருந்தது. 98 பேர் செத்தார்கள். இரண்டு மாதத்தில் அதே கரையில் 'மெட்ரோபோலிஸ்' உடைந்து 85 பேர். நாடே கொதித்தது. 1878 ஜூனில் சட்டம் வந்தது, சேவை தனித் துறையானது, கிம்பல் அதன் தலைவரானார். ஹேய்ஸ் முதல் வில்சன் வரை ஜனாதிபதிகள் மாறினார்கள், இவர் நாற்காலி மாறவில்லை.

உயிர் போன ஒவ்வொரு விபத்துக்கும் விசாரணை நடந்தது. ஆண்டறிக்கையில் அந்த விபத்துகளைக் கதை மாதிரி விரித்து எழுதியவர் கிம்பலின் உதவியாளர் வில்லியம் ஓ'கானர், கவிஞர் வால்ட் விட்மனின் நண்பர். அரசு அறிக்கையை ஒரு இலக்கியவாதியிடம் கொடுக்கத் தோன்றியதே, அதற்காகவே எனக்கு இந்த ஆளைப் பிடிக்கும்.

1880ல் வட கரோலினாவின் பீ ஐலண்ட் நிலையத்துக்கு ரிச்சர்ட் எதரிட்ஜ் பொறுப்பாளரானார். அடிமையாகப் பிறந்தவர், இந்தச் சேவையில் ஒரு நிலையத்துக்குப் பொறுப்பேற்ற முதல் கறுப்பினத்தவர். அவர் கீழ் வேலை செய்ய மாட்டோம் என்று வெள்ளையர்கள் போனார்கள். முழுக்கக் கறுப்பின ஆட்களை வைத்து நிலையத்தை நடத்தினார். 1896 அக்டோபரில் 'ஈ. எஸ். நியூமன்' உடைந்தபோது படகும் உதவவில்லை, பீரங்கியும் உதவவில்லை. இரண்டிரண்டு பேராகக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு நீந்தி, ஒரு குழந்தை உட்பட ஒன்பது பேரையும் கொண்டுவந்தார்கள். தங்கப் பதக்கம் 1996ல்தான் கொடுத்தார்கள். நூறு வருடம். இந்த இடத்தில் உங்கள் கோபம் நியாயம்.

இன்னொரு இடத்திலும். ஆட்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. பணியில் முடமானால் ஓராண்டுச் சம்பளம், மிஞ்சினால் இரண்டு. கிம்பல் கேட்டுக்கொண்டே இருந்தார், காங்கிரஸ் தரவில்லை. மாசசூசெட்ஸின் ஜோஷுவா ஜேம்ஸ் 75 வயதிலும் படகு நடத்தினார். 1902 மார்ச்சில் மோனமாய் முனையில் மீட்கப் போன ஏழு பேர் மூழ்கிய இரண்டு நாளில், தன் ஆட்களைக் காற்றில் ஒத்திகைக்கு இறக்கினார். ஒரு மணி நேரம் கழித்துப் படகிலிருந்து மணலில் குதித்து, கடலைப் பார்த்து "ஓதம் (கடல் ஏற்றம்) வடிகிறது" என்றார், விழுந்து இறந்துபோனார்.

ஓய்வூதியம் 1915ல் வந்தது, சேவையை வருவாய்க் கப்பல் படையோடு இணைத்துக் கடலோரக் காவல்படை ஆக்கிய அதே சட்டத்தில். கிம்பலுக்கும் அதே சட்டம்தான் விடை கொடுத்தது. அப்போது வயது 80. 1871 முதல் 1914 வரை ஆபத்தில் சிக்கி இந்தச் சேவையின் கைக்கு வந்தவர்கள் 1,78,741 பேர், இறந்தவர்கள் 1,455 பேர். இதில் எவ்வளவு துடுப்புக்கு, எவ்வளவு வில்லைக்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. 1923ல் அவர் காலமானார்.

பெயரைக் கேட்டீர்கள். இரண்டாம் உலகப்போரில் ஒரு சரக்குக் கப்பலுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1944 ஜனவரியில் வட அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கி அதைத் தாக்கியது, ஒருவரும் பிழைக்கவில்லை. கடலோரக் காவல்படையில் இப்போது அவர் பெயரில் ஒரு விருது இருக்கிறது. வீரச்செயலுக்கு இல்லை. சோதனைக் குழு வந்து படகின் பராமரிப்பையும் ஒத்திகையையும் பார்த்து மதிப்பெண் போடும். எழுத்துத் தேர்வும் உண்டு.