ஆளில்லாத ராமநாதபுரம் கடற்கரை: சிறுகதை எழுதுவோருக்குக் கேள்வி பதில்

மனிதர் எல்லோரும் போன பிறகு நம் கடற்கரையில் எது ஓடும், எது நிற்கும், எது முளைக்கும்? கதை எழுதுகிறவர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

சாயல்குடி: கமுதி சோலார் தன்பாட்டுக்கு ஓட, முப்பது வருஷம் கழித்தும் ஊரெல்லாம் விளக்கு எரிவதாக ஆரம்பித்திருக்கிறேன். சரியா அண்ணே?

எரியாது தம்பி. அங்கே 2,500 ஏக்கரில் 25 லட்சம் தகடுகள், 648 மெகாவாட். ஆனால் தகட்டு மின்சாரத்தை ஊருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் அதன் இன்வெர்ட்டர்கள், கிரிட்டில், அதாவது ஊர்களை இணைக்கும் மின்கம்பி வலையில், மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும். அனல்மின் நிலையங்கள் ஆளில்லாமல் நின்று கிரிட் செத்ததும், இவை சில நொடிக்குள் தாமாக விலகிக்கொள்ளும். கம்பத்தில் வேலை பார்க்கிற ஆளுக்கு ஷாக் அடித்துவிடக் கூடாது என்பது அந்த ஏற்பாட்டின் முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆளே இல்லாத ஊரில், ஆளைக் காக்க வைத்த ஏற்பாடு நிலையத்தை நிறுத்திவிடுகிறது. இதையே கதையின் முதல் பக்கமாக வையுங்கள். தகடுகள் சாகாது. துடைக்கிற ரோபோக்கள் நின்றாலும் ஐப்பசி மழை கழுவிவிடும். முப்பது வருஷம் கழித்தும் பல தகடுகளில் வெயில் பட்டால் வோல்டேஜ் இருக்கும், அதை வாங்கிக்கொள்ளத்தான் எதுவும் இருக்காது.

மண்டபம்: அப்போ கடைசி வரை எரிகிற விளக்கு எதுங்க?

தனிக் கம்பத்தில் தகடும் லித்தியம் பேட்டரியும் வைத்த சோலார் தெருவிளக்கு. கிரிட் வேண்டாம், ஆள் வேண்டாம். பொழுது சாய்ந்து தகட்டின் வோல்டேஜ் இறங்கியதும் கன்ட்ரோலர் விளக்கைப் போடும். எல்.ஈ.டி. நீண்ட நாள் தாங்கும். முதலில் தேய்வது பேட்டரிதான், ஐந்திலிருந்து எட்டு வருஷம். அதுவும் ஒரே நாளில் அணையாது. முதலில் விடியும்வரை எரியும், பிறகு நடுச்சாமம் வரை, பிறகு எட்டு மணி வரை, கடைசியில் அந்தியில் ஒரு மினுக்கு.

இதை ஆமையோடு சேர்த்துப் பாருங்கள். தனுஷ்கோடி மணலில் பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடும். சுமார் ஐம்பது நாளில் குஞ்சுகள் இரவில் வெளியே வந்து வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஓடும். கரையில் விளக்கு எரிந்தால் கடலை விட்டுவிட்டு அதை நோக்கிப் போகும், விடிந்ததும் காய்ந்து சாகும், இல்லை காக்கை கொத்தும். பேட்டரி தேயத் தேய, விளக்கு அணைந்த பிறகு வெளிவருகிற குஞ்சுகள் கடலுக்குப் போய்ச் சேரும். மனிதப் பாத்திரமே இல்லாமல் இதில் ஒரு முழுக்கதை இருக்கிறது.

தொண்டி: பெருங்காடு ஊரை மூடிவிட்டதாக எழுதலாமா?

கூடாது. இது மேற்குத் தொடர்ச்சி மலை இல்லை. நம்மிடம் மூடுவது சீமைக்கருவேலம். இன்று அதை விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டுகிறோம், வெட்டுகிறவர் போனால் தடுக்க ஆள் இல்லை. அவிழ்த்துவிட்ட ஆடும் மாடும் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைக் கண்மாய்க்குள் போடும். கரையைக் கட்டிக்காக்கவும் மடை திறக்கவும் ஆளில்லாத கண்மாய் ஒரு பெருமழையில் உடையும், அந்த வெள்ளம் கீழே உள்ள கண்மாயையும் உடைக்கும். தண்ணீர் தங்காத வெறும் மண்ணில் மறுபடி முள்தான். கடலோரத்தில் சவுக்கும் பனையும். பனை நூறு வருஷம் தாண்டும், அதனால் உங்கள் கதையில் மனிதரைப் பார்த்திருந்த உயிராகப் பனையை வைக்கலாம்.

பாம்பன்: பாலம் எந்த வருஷம் விழும்?

வருஷம் குறிக்காதீர்கள், அறிகுறி எழுதுங்கள். உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறி உள்கம்பியைத் துருவாக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் கான்கிரீட் உள்ளிருந்து வெடிக்கும். முதலில் பழுப்புக் கறை, பிறகு கம்பி ஓடும் வாக்கில் நீள விரிசல், பிறகு துண்டு துண்டாகப் பெயர்ந்து கம்பி தெரியும். 1988இல் திறந்த சாலைப் பாலத்துக்கு இது பொருந்தும். 2025இல் திறந்த ரயில் பாலத்தில் கப்பலுக்கு வழிவிட மேலே எழும் தூக்குப்பகுதி 72.5 மீட்டர் நீளம், மோட்டார் இன்றி மேலே போகாது, கடைசியாக விட்ட நிலையிலேயே நிற்கும்.

எதிர்மறை உதாரணம் தனுஷ்கோடியிலேயே இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. பவளக்கல்லும் சுண்ணாம்பும், வெடிக்கவைக்க உள்ளே கம்பி இல்லை.

ராமேஸ்வரம்: ஒரு இயந்திரமே கதை சொல்ல வேண்டும் அண்ணே. சர்வர் ரூமா, ரோபோவா?

சர்வர் ஏ.சி. நின்றால் சூட்டில் தானே அணைந்துவிடும். தானியங்கி வானிலை நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சோலார், பேட்டரி, தகவல் செயற்கைக்கோள் வழியே போகும், வாங்க ஆளில்லாவிட்டாலும். அதன் மழைமானியில் புனலுக்குக் கீழே சிறு இரட்டை வாளி உண்டு, நிறைந்தால் ஒருபுறம் கவிழ்ந்து எண்ணும். காக்கை எச்சமும் மணலும் சிலந்தி வலையும் புனலை அடைத்துவிட்டால், புயல் மழையிலும் ‘0’ என்றே பதியும். அதே சமயம் காற்றழுத்தமானி சரிவைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கும். பாதி மெய், பாதி பொய் சொல்லும் சாட்சி, அதற்குத் தான் பொய் சொல்வது தெரியாது. கதை சொல்ல இதைவிட நல்ல ஆள் கிடைக்காது.

கீழக்கரை: இருபது வருஷம் கழித்துத் தப்பிப்பிழைத்த ஒருவன் வள்ளத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்து கிளம்புவானா?

மாட்டான். டீசல் ஓரிரு வருஷத்தில் கெடத் தொடங்கும், அடியில் தண்ணீர் சேர்ந்து கிருமி வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். பிஸ்டன் சிலிண்டரோடு துருப்பிடித்து இறுகியிருக்கும். மர விசைப்படகுகள் தண்ணீர் இறைக்க ஆளில்லாமல் முதல் சில மாதங்களிலேயே மூழ்கியிருக்கும். கரையில் ஏற்றிவைத்த ஃபைபர் வள்ளம் வெளுத்துப்போயிருந்தாலும் மிதக்கும். வெயிலில் கிடந்த நைலான் வலை கையால் இழுத்தாலே அறும், நிழலில் மூட்டையாகக் கிடந்ததுதான் உதவும். எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாய் கட்டச் சொல்லுங்கள்.