ஆட்டிசம் உள்ள என் 7 வயது மகனைச் சிறப்பு வகுப்புக்கு மாற்றச் சொல்கிறது பள்ளி. சம்மதிக்கலாமா?

உடனே கையெழுத்துப் போட வேண்டாம். மறுத்துவிட்டும் வர வேண்டாம். முதலில் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் சிறப்பு ஆசிரியர். இந்த மாதிரி முடிவெடுக்கும் கூட்டங்களில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலும் எடுத்த எடுப்பிலேயே "எந்த வகுப்பு?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கடைசியில் வர வேண்டிய கேள்வி அது. இந்த வருடம் பிள்ளை என்ன கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு அவனுக்கு என்னென்ன உதவி வேண்டும் என்று முடிவான பிறகுதான் அந்த உதவி எந்த அறையில் கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். குறைபாட்டின் பெயரை வைத்து அறையைத் தீர்மானிப்பது சரியே இல்லை. ஆட்டிசம் உள்ள இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே உதவி போதும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பள்ளியிடம் கேளுங்கள்: "இப்போதிருக்கும் வகுப்பிலேயே இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள்?"

"கத்துகிறான், எழுந்து ஓடுகிறான்" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். எந்தப் பாடவேளையில், எதற்கு முன்னால், யார் பக்கத்தில் இருக்கும்போது என்று கேளுங்கள். பல பிள்ளைகளுக்கு மணிச்சத்தமே தாங்காது. சிலருக்கு அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரியாததுதான் பதற்றம். அன்றைய வேலைகளை வரிசையாகப் படங்களாக மேசையில் ஒட்டுவது, சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன் தருவது, கதவோரத்திலிருந்து இடம் மாற்றுவது, எழுத்து வேலையைச் சிறு துண்டுகளாகக் கொடுப்பது, தாங்க முடியாதபோது போய் உட்கார ஓர் அமைதியான மூலை ஒதுக்குவது. இதெல்லாம் பெரிய செலவில்லாத காரியங்கள். இவற்றில் ஒன்றையும் சில வாரங்களாவது ஒழுங்காகச் செய்து பார்க்காமல் பிள்ளையை வெளியே அனுப்புவது அநியாயம்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் கிடையாது. 1975-லேயே அமெரிக்கச் சட்டம் இதை எழுதி வைத்துவிட்டது: தேவையான துணைக் கருவிகளும் உதவிகளும் கொடுத்த பிறகும் பொது வகுப்பில் திருப்திகரமாகக் கற்பிக்க முடியவில்லை என்றால்தான் பிள்ளையைப் பிரிக்கலாம். 1994-ல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் சிறப்புக் கல்வி பற்றி நடந்த உலக மாநாட்டின் அறிக்கையும், 2006-ல் ஐ.நா. நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-வது பிரிவும் உள்ளடக்கிய கல்வியைத்தான், அதாவது எல்லாப் பிள்ளைகளும் தேவையான உதவியோடு சேர்ந்து படிப்பதைத்தான் வலியுறுத்துகின்றன.

அதற்காகப் பொது வகுப்பில் ஓர் இருக்கை கிடைத்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர்கள் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, கடைசி பெஞ்சில் ஒரு பையன் கலர் பென்சிலும் படத்தாளுமாக உட்கார்ந்திருப்பான். நேற்றும் அதே படத்தாள்தான். பக்கத்தில் அவனுக்கென்றே ஓர் உதவியாளர். அவன் வாய் திறப்பதற்குள் அவரே பதில் சொல்லிவிடுவார், பென்சிலைக்கூட அவரே எடுத்துக் கொடுப்பார். வகுப்பு ஆசிரியர் அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசுவதில்லை, பிள்ளைகளும் நெருங்குவதில்லை. பெயர்தான் பொது வகுப்பு. அவன் இருப்பதோ தனி அறையில். பின்னத்தையே அவனுக்கு ஒரு காகிதத்தை மடித்துக் கிழித்துக் காட்டியிருக்கலாம், அவனும் பாடத்துக்குள் இருந்திருப்பான். ஆகவே அனுமதி வாங்கிக்கொண்டு அரை நாளாவது வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். அவன் கையில் என்ன இருக்கிறது, அவனிடம் யார் பேசுகிறார்கள் என்று மட்டும் கவனித்தாலே பாதி பதில் தெரிந்துவிடும்.

சிறப்பு வகுப்பை நான் வெறுக்கவில்லை. சைகை மொழி பேசும் ஒரு பிள்ளையைச் சைகை தெரிந்தவர் யாருமே இல்லாத வகுப்பில் உட்கார வைத்தால் நாளெல்லாம் அவன் தனியாள்தான். ஐ.நா. உடன்படிக்கையே காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழியும் அதற்கேற்ற சூழலும் வேண்டும் என்று தனியாகச் சொல்கிறது. பேச்சோ, கழிவறைப் பழக்கமோ, சாப்பிடுவதோ தனிக் கவனத்தோடு கற்பிக்கப்பட வேண்டிய பிள்ளைகளுக்கும் சிறிய வகுப்பு சில காலம் பெரிய உதவியாக இருக்கும். ஆனால் அங்கே போவதற்கு முன் ஒரு கேள்வி கட்டாயம்: "இந்த வகுப்பிலிருந்து பொது வகுப்புக்குத் திரும்பிப் போன பிள்ளைகள் இருக்கிறார்களா?" யாருமே திரும்பவில்லை என்றால் நான் நிறையவே யோசிப்பேன்.

இன்னொன்று, நாள் முழுவதையும் ஒரே அறையில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றில்லை. வாசிப்புக்கு மட்டும் சிறப்பு ஆசிரியரிடம் போய்விட்டு, கணக்கு, ஓவியம், விளையாட்டுக்கெல்லாம் தன் வகுப்போடு இருக்கலாம். அவனுக்கு நன்றாக வரும் பாடத்தின் நேரத்தில் அவனை வெளியே கூப்பிடக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த ஏற்பாடாக இருந்தாலும் எழுத்தில் வாங்குங்கள்: யார், எந்த உதவியை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் செய்வார்கள், மறுபடி எந்தத் தேதியில் உட்கார்ந்து பேசுவீர்கள் என்று. தேதி போடாத தற்காலிக ஏற்பாடு அப்படியே வருடக்கணக்கில் நீண்டுவிடும்.

அப்புறம், உங்கள் மகனிடம் கேட்டீர்களா? அவன் பேசாத பிள்ளையாக இருந்தாலும் கேட்கலாம். வகுப்பு ஆசிரியர், பக்கத்தில் உட்காரும் பையன், மைதானம், சிறப்பு ஆசிரியரின் அறை என்று போட்டோக்களை முன்னால் பரப்புங்கள். எதைக் கையில் எடுக்கிறான், எதைத் தள்ளிவிடுகிறான் என்று இரண்டு மூன்று நாள் பார்த்துக் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்போடு கூட்டத்துக்குப் போங்கள்.