கையைக் கடிக்காத லிங்க்ஸ் ஆட்டம்

கேள்வி: செப்டம்பரில் வேலையாக எடின்பரோ போகிறேன். அங்கே லிங்க்ஸ் எனப்படும் கடலோர மணல்தரை கோல்ஃப் கோர்ஸில் ஒருமுறையாவது ஆட ஆசை. ஆனால் என்னிடம் ஹேண்டிகேப் (ஆட்டத் திறன் அளவு) சான்று இல்லை, கிளப்பும் (கோல்ஃப் மட்டை) கொண்டுபோகப் போவதில்லை. புகழ்பெற்ற கோல்ஃப் ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸின் கட்டணத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மஸல்பரோவுக்குப் போங்கள். எடின்பரோவிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். அங்குள்ள பழைய கோர்ஸ் ஒன்பது குழிதான், குதிரைப் பந்தய மைதானத்துக்கு நடுவே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் பணம் கட்டி ஆடலாம். சாதாரண இடம் என்று நினைத்துவிடாதீர்கள், 1874 முதல் 1889 வரை ஆறு பிரிட்டிஷ் ஓப்பன் போட்டிகள் நடந்த மண் அது. கோல்ஃப் குழியின் இன்றைய நாலேகால் அங்குல அகலம்கூட இந்த ஊரில் 1829-இல் செய்த குழிவெட்டும் கருவியிலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள். கிளப் இல்லையே என்று கவலை வேண்டாம், அங்கே பழைய பாணி ஹிக்கரி மரத்தண்டு கிளப்புகளை வாடகைக்குத் தருவார்கள், அந்தக் காலத்து ஆள் மாதிரி ஆடிப் பார்க்கலாம். ஒன்று மட்டும் கவனம்: பந்தயம் நடக்கும் நாளில் கோர்ஸ் மூடியிருக்கும், அதனால் பந்தய அட்டவணையைப் பார்த்துவிட்டு நேரம் பதிவு செய்யுங்கள்.

செயின்ட் ஆண்ட்ரூஸை விட மனசே வரவில்லை என்றால், அங்கேயும் வழி உண்டு. அந்த ஊரின் பேர்பெற்ற ஓல்ட் கோர்ஸில் ஆட சீசனில் 300 பவுண்டுக்கு மேல், ஹேண்டிகேப் சான்றும் கேட்பார்கள். ஆனால் அதை நடத்தும் அறக்கட்டளையின் ஏழு கோர்ஸ்களில் பால்கோவ் என்ற ஒன்பது குழிக் கோர்ஸும் இருக்கிறது, புதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்றே அமைத்தது, கட்டணமும் மிகக் குறைவு. ரயிலில் லூக்கர்ஸ் வரை, அப்புறம் பஸ். ஓல்ட் கோர்ஸில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, அன்றைக்கு ஊர்க்காரர்கள் நாயோடு அதில் நடப்பார்கள், நீங்களும் சும்மா நடந்து பார்க்கலாம்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். நம்மில் பலர் பந்தை உயரத் தூக்கி கிரீனில் (குழியைச் சுற்றிய வழுவழுப்பான புல்தரை) பொத்தென்று இறக்கப் பழகியவர்கள், லிங்க்ஸில் அது செல்லாது. அடியில் மணல், மேலே குட்டைப் புல், தரை இறுகிக் கிடக்கும், காற்று வேறு. கிரீனுக்குப் பத்துப் பதினைந்து கெஜம் முன்னாலேயே பந்தைத் தாழ்வாக விழவைத்து உருள விடுங்கள். கிரீனுக்கு வெளியே, புல் குட்டையாக இருக்கும் இடத்திலிருந்து வெட்கப்படாமல் பட்டரை (பந்தை உருட்டும் கிளப்) எடுங்கள். எதிர்காற்றில் கிளப்பைப் பலமாக வீசினால் பந்து இன்னும் மேலே ஏறி அப்படியே நின்றுவிடும், அதனால் ஒன்றிரண்டு நம்பர் குறைவான, அதாவது பந்தை அதிக தூரம் அனுப்பும் கிளப்பை எடுத்து மெதுவாக அடிப்பதே மேல். பானை மாதிரி ஆழமான பங்கரில் (மணல் பள்ளம்) பந்து விழுந்தால் கொடியை மறந்துவிட்டுப் பக்கவாட்டிலோ, பின்னாலேயோ வெளியே வந்துவிடுங்கள். ஏறிவந்த பிறகு மணலை ரேக்கால் சமப்படுத்துங்கள், பின்னால் வேகமான கூட்டம் வந்தால் கையசைத்து முன்னே விட்டுவிடுங்கள், இந்த இரண்டையும் செய்தால் எத்தனை ஷாட் எடுத்தீர்கள் என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மழைக்கோட்டு கட்டாயம். குடை வேண்டாம், அந்தக் காற்றில் நிற்காது.